ராகு காலமும் மூன்று மணித்தியாலப் பார்க்கிங்கும்

அன்றைக்குக் காரில் இருந்தவர்கள்: நான், என் மனிசி, மனிசியின் தமக்கை பெரியக்கா, அவவின் புருசன் இராசலிங்கம் அண்ணை. நாலு பேர். திரும்பும்போது ஒரு கூறைச்சேலையும் சேர்ந்துகொண்டது. அதற்கும் சீற் பெல்ற் போட்டிருந்தோம்.

வேலை மிகச் சின்ன வேலை. இராசலிங்கம் அண்ணையின் மகனுக்குக் கலியாணம். பொம்பிளைக்குக் கூறை எடுக்கவேண்டும். சேலைக்கடை ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருக்கிறது. போவது, எடுப்பது, வருவது. அவ்வளவுதான்.

கார் ஓட்டியது நான். ஆனால் கார் என் மகள் துஷியின் பேரில் இருக்கிறது. அவள் அஜக்ஸில் குடும்பமாக இருக்கிறாள். போன மாரியில் நான் கராஜ் கதவு முழுக்கத் திறக்க முன்னம் காரை வெளியே எடுத்துவிட்டேன். கதவு பாதி, கார் பாதி. அன்றைக்கு வந்து நின்று சொன்னாள்:

"அப்பா, திஸ் இஸ் த லாஸ்ற் ரைம். இனிமேல் கார் விசயமா எனக்கு ஒரு கடிதம் வந்தாலும் திறப்பு என்னட்டை."

அவள் சொன்னால் செய்வாள். என்னைப்போலத்தான்.

திறப்பு, அதாவது கார்ச் சாவி, போனால் கோயிலுக்கும் டொக்டரிடமும் மரக்கறிக்கடைக்கும் போக ஒவ்வொரு தரமும் யாரையாவது கேட்கவேண்டும். எனக்கு ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் மணிக்கயிறு இழுக்கக்கூட வெட்கப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்த ஆள் நான்.

ஆகவே மிகக் கவனமாகத்தான் பார்க் பண்ணினேன். இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில். இறங்கிப் போய்ப் பலகையையும் வாசித்தேன். மூன்று மணித்தியாலம் மட்டும். மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு நாற்பது.

"ஐஞ்சு நாப்பதுமட்டும் நேரம் இருக்கு" என்றேன்.

"ஒரு சேலை எடுக்க மூண்டு மணித்தியாலமோ!" என்று சிரித்தார் இராசலிங்கம் அண்ணை.

அவருக்குப் பெண் பிள்ளைகள் இல்லை. அதனால் தெரியாது.

கூறையைத் தெரிந்தெடுத்து, ராகு காலம் தொடங்க முன்னம் காசு கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாலரையில் இருந்து ஆறுவரை ராகு காலம். அதுவரை எல்லாம் என் கணக்குப்படிதான் நடந்தது. பிறகு கடைக்காரர் சொன்னார்:

"அக்கா, முந்தானைக்குக் குஞ்சம் கட்டவேணும். இருந்து தேத்தண்ணி குடியுங்கோ. பத்து நிமிசம்."

சேலைக்கடையின் பத்து நிமிசம் எவ்வளவு என்று எனக்கு இப்போது தெரியும். நாங்கள் கூறையுடன் காரில் ஏறியபோது ஐந்து முப்பத்துமூன்று.

இராசலிங்கம் அண்ணை பெல்ற்றைப் போட்டுவிட்டு, "எடும் தம்பி, போவம்" என்றார். அவருக்கு ராகு காலம் நினைவில் இல்லை. பெரியக்காவுக்கும் இல்லை. என் மனிசிக்கும் இல்லை. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"கூறையோட இப்ப வெளிக்கிடேலாது அண்ணை. ராகு காலம். ஆறுமட்டும் பொறுத்துப் போவம். இருபத்தேழு நிமிசம்தான்."

"ஐயோ, ஓம்!" என்றா பெரியக்கா. "நல்ல வேளை சொன்னியள்!"

இராசலிங்கம் அண்ணை பின்சீற்றில் இருந்து முன்னுக்குக் குனிந்தார்.

"ஆறு இல்லைத் தம்பி. ஏழு."

"நாலரையில இருந்து ஆறு அண்ணை. கலண்டரில கிடக்கு."

"கலண்டரை விடும். கோடைக்கு இவங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்களோ இல்லையோ?"

"ஓம்."

"அதை ராகுவுக்கு ஆர் போய்ச் சொன்னது?"

இந்தச் சண்டை எங்களுக்குள் கன வருசமாக இருக்கிறது. கலண்டர் ரொறன்ரோவிலேயே அச்சடித்தது, இங்கத்தை மணிக்கூட்டுக்குத்தான் நேரம் போட்டிருக்கிறது என்பது என் கட்சி. அச்சடிக்கிறவனுக்கு என்ன தெரியும் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு பங்குனியிலும் மணிக்கூட்டை மாற்றும்போது தொடங்கும். கார்த்திகையில் திருப்பி மாற்றும்போது ஓயும்.

பெரியக்கா தீர்ப்புச் சொன்னா.

"என்ர பிள்ளையின்ர கலியாணம். ஆற்ற கணக்கு நீளமோ அந்தக் கணக்கு. ஏழுமட்டும் ஒருத்தரும் அசையிறேல்லை."

"பார்க்கிங் ஐஞ்சு நாப்பதோட முடியுது" என்றேன் நான்.

"ஆள் இறங்கிப் போனாத்தான் தம்பி பார்க்கிங். நாங்கள் நாலு பேர் உள்ளுக்கை இருக்கிறம். இது நிண்டுகொண்டிருக்கிற கார்" என்றார் இராசலிங்கம் அண்ணை.

அந்த நியாயம் எனக்கும் பிடித்துப்போயிற்று. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டோம். மனிசி பையில் இருந்து வடையை எடுத்தா. உழுந்து வடை. நல்ல வெயில். வயிறும் நிறைந்துவிட்டது.

கண் விழித்தபோது ஏழு ஐந்து. முன் கண்ணாடியில், வைப்பருக்குக் கீழே ஒரு மஞ்சள் கடதாசி.

"மெத்தை விக்கிறவங்கள் வைச்சிருப்பாங்கள்" என்றார் இராசலிங்கம் அண்ணை.

மெத்தைக்காரன் என் கார் நம்பரை எழுதி வைக்கமாட்டான். பார்க்கிங் கொம்பனியின் ரிக்கெற். ஆறு இருபதுக்கு எழுதியிருந்தது.

எனக்கு வந்த கோபம்! காருக்குள் நாலு பேர். கண்ணாடி திறந்திருக்கிறது. ஒரு சத்தம் போட்டு, "ஐயா, நேரம் முடிஞ்சுது" என்று சொன்னால் என்ன? களவாக வந்து செருகிவிட்டுப் போவதோ?

"கட்டிப்போட்டுப் பேசாமல் இருங்கோ" என்றா மனிசி.

"நான் ஏன் கட்ட? இது நியாயமில்லாத ரிக்கெற்."

"துஷிக்குத் தெரிஞ்சால்?"

"அதுக்குத்தான் வழக்காடுறன். ரத்துச் செய்தால் அவளுக்கு என்னத்தைத் தெரியப்போகுது?"

இதைச் சொன்னபோது நான் மிகுந்த புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேன்முறையீடு செய்வதென்றால் இன்ரர்நெற்றில் செய்யலாம், அல்லது மிசிசாகாவில் இருக்கும் கொம்பனி ஒஃபிஸுக்கு நேரில் போகலாம் என்று ரிக்கெற்றின் பின்பக்கம் போட்டிருந்தது. இன்ரர்நெற் எனக்கு வராது. நேரில் கதைக்கவும் வராது. ஆனால் இராசலிங்கம் அண்ணைக்குக் கதை வரும்.

"நீர் காரை ஓட்டும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

புதன்கிழமை காலமை 401 ஹைவேயில் ஏறி மிசிசாகா போனோம். விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஒஃபிஸ். வேடிக்கை என்னவென்றால், பார்க்கிங் கொம்பனிக்குப் பார்க்கிங் இல்லை. தூரத்தில் விட்டு நடந்து வந்தோம்.

கண்ணாடிக்குப் பின்னால் முக்காடு போட்ட ஒரு பிள்ளை இருந்தது. இராசலிங்கம் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"மேடம், கார் நொட் எம்ப்டி. ஃபோர் பீப்பிள் ஃபுல். விண்டோ ஓப்பின். யுவர் மான் நோ ரோக்கிங், ஒன்லி ரிக்கெற்றிங்!"

பிறகு காரில் யார் யார் எந்தச் சீற்றில் இருந்தது என்று கையால் காட்டினார். கலியாணத்தைச் சொன்னார். குஞ்சம் கட்டுவதைச் சொல்ல இங்கிலிஷ் கிடைக்காமல், தன் சேட்டின் நுனியை முறுக்கிக் காட்டினார். அந்தப் பிள்ளை கடைசிவரை பொறுமையாகக் கேட்டது.

"அங்கிள், தமிழ்லயே சொல்லுங்க. என்ட ஊர் அக்கரைப்பற்று."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மகள்!"

"நீங்க மூச்சு விட்டாத்தானே நான் சொல்ற."

பெயர் நஸ்ரின். மிக நல்ல பிள்ளை. ரிக்கெற் நம்பரைத் தட்டிவிட்டு, திரையைத் திருப்பி எங்களுக்குக் காட்டியது.

ஒரு படம். எங்கள் கார், முன்னால் இருந்து எடுத்தது. முன்சீற்றில் நான், வாயைப் பிளந்துகொண்டு. பக்கத்தில் மனிசி, வாயைப் பிளந்துகொண்டு. பின்னால் ஒரு கரையில் பெரியக்கா, மற்றக் கரையில் இராசலிங்கம் அண்ணை, அதே கோலம். நடுவில் கூறைப்பை மட்டும் பெல்ற் போட்டு நிமிர்ந்து இருந்தது.

நஸ்ரின் உதட்டைக் கடித்துக்கொண்டு, ரிக்கெற் எழுதினவர் போட்டிருந்த குறிப்பை வாசித்தது.

"மூணு தரம் கண்ணாடியில தட்டியிருக்கார். யாரும் எழும்பல்ல. மூச்சு வருதா எண்டு பார்த்து உறுதிப்படுத்தின பிறகுதான் ரிக்கெற் வெச்சிருக்கார்."

இராசலிங்கம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வழக்கின் முதலாவது கால் முறிந்துவிட்டது. இரண்டாவது கால் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

"சரி அங்கிள், ஏன் அவ்வளவு நேரம் நிண்டீங்க? கார் பழுதா? யாருக்கும் சுகமில்லையா?"

"ராகு காலம், மகள்" என்றார் அண்ணை, ஏதோ ரயர் காற்றுப் போனதைச் சொல்வதுபோல.

நஸ்ரின் கொஞ்சம் யோசித்தது. "கொம்ப்யூட்டர்ல மத அனுட்டானம் எண்டு ஒரு காரணம் இருக்கு. ஆனா அதுக்கு மனேஜர் சரி சொல்லணும்."

மனேஜர் வந்தார். நெடிய வெள்ளைக்காரர். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நஸ்ரின் இங்கிலிஷில் விளங்கப்படுத்தியது. அவர் ஏதோ கேட்டார்.

"எத்தின மணியில இருந்து எத்தின மணி எண்டு கேக்கிறார். எழுத்தில ஏதும் இருக்கா எண்டும் கேக்கிறார்."

நான் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கலண்டர்த் தாளைக் கிழித்து, மடித்து, சேட்டுப் பொக்கெற்றில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். மனேஜர் நாலரை, ஆறு என்ற இரண்டு நேரத்தையும் பேனாவால் தொட்டுப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு ரிக்கெற்றைத் தொட்டார்.

"உங்கட அனுட்டானம் ஆறு மணிக்கு முடிஞ்சிட்டாம். ரிக்கெற் ஆறு இருபதுக்குத்தானாம் எழுதியிருக்கு."

கலண்டரைக் கொடுத்தது நான்தான். என் கையாலேயே.

இராசலிங்கம் அண்ணை முன்னுக்கு வந்தார். மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினதில் தொடங்கி, ராகுவுக்கு அதை ஒருவரும் அறிவிக்காததுவரை எல்லாம் சொன்னார். நஸ்ரின் ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தது. மனேஜர் கவனமாகக் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதில எது சரி எண்டு கேக்கிறார், அங்கிள். கலண்டரா, இந்த அங்கிளா? ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னாத்தான் அவர் எழுதலாமாம்."

இராசலிங்கம் அண்ணை மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

நான் ஒரு பக்கம் என் கணக்கை வைத்துப் பார்த்தேன். மற்றப் பக்கம் துஷியின் கையை, உள்ளங்கை மேலே பார்த்தபடி, திறப்புக்காக நீட்டிக்கொண்டிருக்கிற கையை வைத்துப் பார்த்தேன்.

"அண்ணை சொல்லுறதுதான் சரி" என்றேன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும் தம்பி. பிள்ளை எழுதவேணும்."

"அண்ணை சொல்லுறதுதான் சரி!"

அதுவரை அந்த ஒஃபிஸில் நான் வாய்திறந்து சொன்னது அந்த ஒரு வசனம்தான். அதையும் இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. அதிலும் பொய்.

ரிக்கெற் ரத்து! மனேஜர் எனக்குக் கை தந்தார். இராசலிங்கம் அண்ணைக்கு இரண்டு தரம் தந்தார். நஸ்ரின் எதையோ தட்டிவிட்டு, "முடிஞ்சுது அங்கிள். தீர்ப்பும் படமும் ஈமெயில்ல போயிட்டு" என்றது.

"என்னட்டை ஈமெயில் இல்லையே, பிள்ளை."

"உங்களுக்கு இல்ல. கார் யாருட பேரில இருக்கோ அவங்களுக்கு. வழக்காடினா ஓனருக்கு அறிவிக்கணும், அதுதான் சட்டம்."

நான் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தேன்.

"அப்ப, காசைக் கட்டியிருந்தால்?"

"காசைக் கட்டியிருந்தா யாருக்கும் ஒண்டும் போகாது அங்கிள். அதோட சரி."

திரும்பி வரும்போது 401இல் எனக்குப் பேச இடமே இருக்கவில்லை. இராசலிங்கம் அண்ணை போனில் ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஓம், எழுத்திலயே போட்டுக் குடுத்திட்டான் வெள்ளைக்காரன். கோடையில ஏழுமட்டும். தம்பியும் ஒத்துக்கொண்டவர். ஓம், சத்தமாத்தான்!"

கலியாண மண்டபத்துக்கும் எடுத்து, பொம்பிளை அழைக்கிற நேரத்தை ஒரு மணித்தியாலம் தள்ளச் சொன்னார். ஐயருக்கும் எடுத்தார். ஐயர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது துஷியின் மற்றக் கார் வாசலில் நின்றது. வேலையில் இருந்து நேரே வந்திருக்கிறாள். கையில் போன். போனில் அந்தப் படம். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். சரி, தப்பினேன் என்று நினைத்தேன்.

"அப்பா, லுக் அற் யூ! நாலு பேரில கூறை மட்டும்தான் ஒழுங்கா இருக்கு!"

நானும் சிரித்தேன். மனிசி சிரிக்கவில்லை. மனிசிக்கு அவளைத் தெரியும்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"ரிக்கெற்றைப் பற்றி ஐ டோன்ற் கெயார், அப்பா. எனக்குச் சொல்லாமல் மிசிசாகாமட்டும் ஹைவேயில ஓடிக்கொண்டு போயிருக்கிறியள். திறப்பைத் தாங்கோ."

"ரத்துச் செய்திட்டாங்கள், பிள்ளை. நாங்கள் வெண்டிட்டம்."

"கொங்கிராற்ஸ். திறப்பு."

வளையத்தில் இருந்து கார்த் திறப்பை நான்தான் கழற்றிக் கொடுத்தேன். நகம் உடைந்தது. மிச்சம் மூன்று திறப்பு: ஒன்று வாசல் கதவுக்கு, ஒன்று தபால் பெட்டிக்கு, ஒன்று எதற்கென்று எனக்கும் தெரியாது.