நாற்பது செல்போனும் ஒரு தகர டப்பாவும்

விருதுநகர்,
28.8.2013, புதன்கிழமை

மதிப்பிற்குரிய மாமா முத்துக்கருப்பன் அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் அன்பரசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் உடம்பளவில் நலம். அங்கே நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

கம்ப்யூட்டர் படித்தவன் என்று நம்பித்தான் உங்கள் மகள் பானுவை எனக்குப் பேசி முடித்தீர்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் செல்போனுக்கு அந்தத் தீபாவளி ஆப்பையே செய்தேன், மாமா. வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று படம் காட்டி ஓர் அணுகுண்டுப் பட்டாசு வெடிக்கும். இந்தப் புது டச் போன் ஸ்பீக்கரில் அது அப்பளம் நொறுங்குகிற மாதிரிதான் கேட்டது. எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. நாலு நாள் சோறு தண்ணி இல்லாமல் சத்தத்தை ஏற்றினேன். சைலண்டில் போட்டாலும் வெடிக்கும்படி செய்தேன். பிறகு எம். புதுப்பட்டிக்கு வந்து, உங்களையும் சேர்த்து கம்பெனி ஆட்கள் நாற்பது பேர் போனிலும் இலவசமாக ஏற்றிக் கொடுத்தேன். பட்டாசு கம்பெனிக்குள் போன் கூடாது, வாட்ச்மேன் சங்கிலிமுத்து அண்ணனின் தகர டப்பாவில்தான் போட வேண்டும் என்பது தெரியும். பத்து மணி டீக்கு எல்லாரும் வெளியே வந்து போனை எடுப்பார்கள் என்பது என் கணக்கு. அவர்கள் சிரிப்பதைப் பார்க்கப் போன வெள்ளி வாசலிலேயே வந்து நின்றேன். அன்றைக்கென்று சீசன் ஆர்டர். டீயைப் பத்தரைக்குத் தள்ளிவிட்டார்கள்.

நாற்பது அணுகுண்டும் டப்பாவுக்குள் ஒன்றாக வெடித்தன. சங்கிலிமுத்து அண்ணன் நாற்காலியோடு மல்லாந்தார். உள்ளே இருந்தவர்கள் பழக்கப்படி வாசலுக்கு ஓடிவந்தார்கள். சத்தமே வாசலில்தான் என்று தெரிந்ததும் திரும்பி உள்ளே ஓடினார்கள். ஊருக்குள்ளிருந்து அத்தை ஒற்றைச் செருப்போடு, கையில் தோசைக் கரண்டியோடு ஓடிவந்தார்கள். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த நீங்கள் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, "பானு! ஏத்தா பானு! எங்கனத்தா இருக்க?" என்று அவள் வேலை செய்யும் வெடிமருந்து ரூம் பக்கம் ஓடினீர்கள்.

அவள் கையெல்லாம் மருந்தோடு முழுசாக வெளியே வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு நீங்கள் அழுதீர்கள். இருபத்தாறு வருஷத்தில் நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. அந்தச் சத்தம் கேட்டால் நம் ஊரில் பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று தெரியாதவனா நான்? அதைப் போய் விளையாட்டாக்கினேனே. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஏலே, இனி என் வாசப்படிய மிதிச்ச, காலை ஒடிச்சுப்புடுவேன்லே" என்றீர்கள். நியாயம்தான். போன் பண்ணினால் எடுப்பதில்லை. அதுவும் நியாயம்தான். வருகிற வெள்ளி, ராகு காலத்துக்கு முன்னால், சரியாகப் பத்து மணிக்கு வெம்பக்கோட்டையில இருந்து பானுவைப் பொண்ணு பாக்க வாராகன்னு அம்மா சொன்னா. நான் என்னத்தச் சொல்ல, எனக்குக் கொடுத்துவச்சது அம்புட்டுத்தான். அவராவது சத்தமில்லாத உத்தியோகத்தில் இருக்கட்டும்.

வீடு வீடாகப் போய் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, ஆப்பை அழித்துவிட்டேன். அத்தைக்கு ஒரு ஜோடி செருப்பு தனியாகப் பார்சலில் வருகிறது. பானுவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் கால் தொட்டு மன்னிப்புக் கேட்கும்,

என்றைக்கும் உங்கள் அக்கா மகன்,
அன்பரசன்

பி.கு.: அழித்தது முப்பத்தொன்பது போனில். நாற்பதாவது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அன்று கேட்டதற்கு நீங்கள் தரவில்லை. அது நாளை மறுநாள் பத்து மணிக்கு வெடிக்கும். இந்தக் கடிதம் சனிக்கிழமைதான் வந்து சேரும் என்கிறார் தபால்காரர். பஸ் ஏறி வந்து சொல்லிவிடலாம். ஆனால் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பேச்சை இனி நான் தட்டுவதாக இல்லை, மாமா.