ஆமாம் சேகரித்த மாமாவுக்கு

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். நான் இல்லை. காரணம் நீங்கள்.

நான் முதலில் கவனித்தது கிருமிநாசினி கேனின் மூடியில் இருந்த சீல். அதை யாரும் உடைக்கவே இல்லை. ஆனால் எங்கள் சலவைக்கூடத்திலிருந்து தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் விரிப்புகளில் 'கிருமி நீக்கப்பட்டது' என்று சீட்டுக் குத்துபவள் நான். பார்த்தேன், பேசாமல் இருந்தேன். நான் பேசாதவள் என்பது உங்களுக்கே தெரியும். பள்ளியை விட்டு நின்றதுகூட டீச்சருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்படிப்பட்டவள் முன்னால் கருத்துக்கணிப்புத் தாளோடு வந்து நின்றீர்கள். முறைகேட்டை வெளியே சொல்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமா என்று கேட்டீர்கள். முதலாளிதான் முதல் ஆள்: "கண்டிப்பா வேணும் சார்! அவங்கல்லாம் தெய்வம்!" இஸ்திரி போடும் அக்கா, "எனக்கு ரெண்டு ஆமாம் போட்டுக்குங்க, எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லுவாரு" என்றாள். எல்லாரும் ஆமாம். அந்தத் தைரியத்தில், சொல்வது ரகசியமாக இருக்கும் என்று நீங்கள் வாசித்ததையும் நம்பி, உங்கள் காதில் கேன் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? கைதட்டினீர்கள்! "பாத்தீங்களா எங்க அக்கா பொண்ணை! கேன் சீலே உடைக்கலைன்னு எவ்ளோ தைரியமா சொல்றா!" ரகசியத்தை இப்படியா மாமா காப்பாத்துவாங்க? மைக் வைத்திருந்தால்கூட இவ்வளவு சத்தம் வந்திருக்காது.

நீங்கள் வாசலைத் தாண்டும்வரை முதலாளி சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சட்டம் இன்னும் வரலையே பாப்பா. வந்தப்புறம் வேலைக்கு வா" என்றார். இஸ்திரி அக்காவைப் பார்த்தேன். "நாங்க பொதுவா சொன்னோம்டி! நீ நம்ம இடத்தையே சொல்லுவேன்னு யாரு கண்டா?" என்றாள். வீட்டில் அம்மா, "என் தம்பி அவன் வேலையைப் பார்த்தான், நீ ஏன்டி வாயைத் திறந்தே?" என்கிறாள். இத்தனை வருஷமாக 'வாயைத் திறந்து பேசேன்டி' என்று திட்டிய அதே அம்மா!

தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னால் முதலாளி திரும்பச் சேர்த்துக்கொள்வாராம். நாளைக் காலை போய்ச் சொல்லப்போகிறேன். உங்கள் தாளில் என் ஆமாமை அடித்துவிடுங்கள். அத்தைக்கு என் அன்பு. உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தைரியசாலி

பி.கு.: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். இன்று காலை மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலில் ஆஸ்பத்திரி வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேல் மூட்டையில் 'குழந்தைகள் வார்டு' என்று இருந்தது. டிரைவர் அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்து ஆடுவது அதனால்தான். "எங்கம்மா போகணும்?" என்றார். "தலைமை நர்ஸைப் பாக்கணும்" என்றேன், சத்தமாகவே.