கண்ணில் படாத செகாவா

ஐம்பத்து மூன்று வயதில் நிவாவுக்கு ஓர் எதிரி வாய்த்தான். பெயர் செகாவா. முகம் தெரியாது.

நிவா கத்தரிக்கோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஒரு நாள் அவர் மனைவி மினெகோ ஓட்டக் காலணி வாங்கி வந்தாள். அடுத்த நாளிலிருந்து விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஏழரைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரும்பினாள்.

"தனியாவா ஓடுற?"

"செகாவா சான் கூடத்தான்." 'சான்' என்று மரியாதை வேறு! "பாவம், பெண்டாட்டி இல்லாதவர். என்ன கால் தெரியுமா! கொக்கு மாதிரி."

நிவா குனிந்து தன் காலைப் பார்த்தார். தொப்பை மறைத்தது.

"நாளைக்கு நானும் வரேன்."

"நீங்களா? ஸ்டேஷன் படியில நடுவுல உக்கார்ற ஆளு! பேசாம சூப்பைக் குடிங்க, ஆறுது."

மறுநாள் அவள் போன பத்தாவது நிமிடம் நிவா ஆற்றங்கரைக்கு ஓடினார். யாரையும் காணோம். மீன் பிடித்துக்கொண்டிருந்த கிழவரைக் கேட்டார்.

"ஒரு அம்மாவும் நெட்டையா ஒருத்தரும் போனாங்களா?"

"இப்பதான் பாலத்தைத் தாண்டினாங்க. சிரிச்சுக்கிட்டே!"

அந்தச் சிரிப்பு நிவாவின் வயிற்றில் அடுப்பு மூட்டியது. முதல் வாரம் முதல் பாலம் வரை ஓடினார். இரண்டாம் மாதம் நான்காம் பாலம். கண்ணுக்கு எட்டியவரை நாரைகள்தான் நின்றன. கொக்குக்கால் செகாவாவைக் காணவில்லை.

"செகாவா சான் இலையுதிர்கால மாரத்தான் ஓடப்போறார். நானும்தான்" என்றாள் மினெகோ.

நிவா ரகசியமாகப் பெயர் கொடுத்தார்.

மாரத்தானில் அவர் பார்த்தது முதுகுகளை மட்டும். நெட்டை முதுகு தெரிந்தால் பாய்ந்து போய் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு நெட்டையர்களிடம் மன்னிப்புக் கேட்டார். முப்பதாவது கிலோமீட்டரில் கால் மரத்துப்போனது. பின்னால், ஓட முடியாதவர்களை அள்ளிப்போகும் பஸ் உறுமியது. 'நான் பஸ்ஸிலே, அவள் அவனோடேயா?' கால் மறுபடி நகர்ந்தது. பஸ்ஸுக்கு நான்கு நிமிடம் முன்னால் முடிவுக்கோட்டில் போய் விழுந்தார்.

துண்டை நீட்டியது மினெகோ. வீட்டுச் சட்டை, ஒரு துளி வியர்வை இல்லை. பக்கத்தில் ஒரு நெட்டை மனிதர், காப்பிக்கடை ஏப்ரனோடு தலை வணங்கினார்.

"செகாவா. உங்க வீட்டம்மா ஆறு மாசமா தினம் காலையில எங்க கடைக்கு வராங்க. காப்பி வாங்கினா ரொட்டியும் முட்டையும் சும்மா தரோமில்ல, அதுக்கு."

"அப்போ... ஓட்டம்?"

"நான் எங்கே ஓடினேன்?" என்றாள் மினெகோ. "டாக்டர் உங்களை நடக்கச் சொல்லி மூணு வருஷம் ஆச்சு. நான் சொல்லி எப்ப கேட்டிருக்கீங்க?"

"அந்த மீன் பிடிக்கிற கிழவர்?"

"அவருக்குத் தினம் ஒரு அவிச்ச முட்டை."

நிவா மெல்லக் கணக்குப் போட்டார். ஆறு மாதமாக அவர் இவர்களைத் துரத்தி ஓடவில்லை. இவர்களை நிம்மதியாக உட்காரவிட்டு, பாலம் பாலமாக விலகி ஓடியிருக்கிறார்!

"இனிமே ஒரு அடி ஓடமாட்டேன். உன் தந்திரம் தெரிஞ்சுபோச்சு!"

"வேண்டாம்ங்க, நல்லா ஓய்வெடுங்க. அடுத்த மாசம் செகாவா சான் மலையேறப் போறாராம். நானும் கூடப் போலாம்னு..."

நிவா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"எந்த மலை?"