வரி இல்லாத வேலை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அதை இப்போது எடுத்து நீட்டமாட்டேன். கேப்டன் தரணீதரனுக்கே அது கடைசியில்தான் கிடைத்தது. உங்களுக்கு மட்டும் முதலிலேயே கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும். ஏற்கெனவே அவர் கோபத்தில்தான் இருக்கிறார். அங்கிருந்தே தொடங்குவோம்.

கேப்டன் என்றால் நிஜக் கேப்டன். கோயமுத்தூரிலிருந்து விமானம் ஓட்டுகிறவர். வீட்டிலும் அவருக்கு மைக் பிடித்த குரல்தான். மூக்கில் பாதி, தொண்டையில் பாதி. "இன்னும் சற்று நேரத்தில் தேங்காய்ச் சட்னி எதிர்பார்க்கப்படுகிறது" என்பார். சட்னி வரும். வராவிட்டால் தாமதத்துக்கு வருந்துவார்.

அன்றைக்குக் காலையில் தோசைக்கு முன்னால் ஓர் அறிவிப்பு வந்தது.

"அம்மிணி, நான் ஒரு முடிவு பண்ணீட்டேன்."

"என்னங்க முடிவு?" என்றார் அவர் மனைவி இந்துமதி, அடுப்படியிலிருந்து.

"முடிவை நான்தான் எடுக்கப்போறேன்னு முடிவு பண்ணீட்டேன்."

"நல்லதுங்க. இன்னொரு தோசை போடட்டுங்களா?"

விஷயம் இதுதான். கேப்டனை இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் கூப்பிட்டிருந்தன. ஒன்று மணல் தேசம், இன்னொன்று தீவு தேசம். இரண்டு ஒப்பந்தமும் தலையணை கனத்துக்கு வந்து இறங்கியிருந்தன.

"மணல் தேசத்துக்காரன் மாசம் பன்னெண்டு லட்சம் தர்றான். வரி சைபர். ஊடு அவன் குடுக்கறான், கரண்டு பில்லும் அவன். நீயும் வந்துரு. கம்பெனியை மூடிப்போட்டு ரெண்டு பேரும் போயிரலாம்."

தோசைக் கரண்டி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. கம்பெனி என்றால் திருப்பூர் மண்ணரையில் இந்துமதி பதினோரு வருஷமாக நடத்தும் பனியன் கம்பெனி. நாலு மெஷினில் ஆரம்பித்து இப்போது முப்பது மெஷின்.

"மூடிப்போட்டு நான் அங்க என்னங்க பண்றது?"

"ஏசி போட்டுட்டு உக்காந்திரு."

"பதினோரு வருஷமா நின்ன காலுங்க. உக்காந்தாப் பழகுமுங்களா?"

"பழகிரும். அந்தத் தீவுக்காரனைப் பாரு. பத்து லட்சம்னு எழுதிப்போட்டு, திருப்பிப் பாத்தா ஒண்ணரை லட்சம் வரின்னு புடுங்கிக்கறான். மாசத்துல இருபது நாள் அங்க, இருபத்தொண்ணாந் தேதியில இருந்து பத்து நாள் ஊட்டுல. நான் என்ன அவனூரு ரோட்டுலயா நடக்கப்போறேன்? நான் மேல பறக்கறவன். பறக்கறவங்கிட்ட ரோடு போடக் காசு கேக்கறான், நாயமா இது?"

"நாயமே இல்லீங்க," என்றார் இந்துமதி. "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. டீசர்ட் தைக்கறவளுக்கு என்னங்க தெரியும்."

கேப்டனுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் உயர்ந்தது. இந்தப் பதிலை அவர் கல்யாணமான நாளிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மூன்றாவது ஒப்பந்தம் வந்தது. பனி தேசத்துச் சரக்கு விமானக் கம்பெனி. மாசம் பதினெட்டு லட்சம் வரை சம்பாதிக்கலாமாம். கேப்டன் அங்கே விண்ணப்பமே போடவில்லை.

"கேக்காமலே கூப்பிடறான் பாரு. பேரு அந்த அளவுக்குப் பரவியிருக்குது."

"பரவாம இருக்குமுங்களா," என்றார் இந்துமதி.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, மூன்று ஒப்பந்தத்தையும் இந்துமதியே பரப்பி வைத்தார். ஓரம் ஓரத்தோடு சேர, இடைவெளி பிசகாமல். இடது கைப்பக்கம் மணல், வலது கைப்பக்கம் பனி, நடுவில் தீவு.

கேப்டன் மணலைக் கையில் எடுத்தார். அது தானாகப் பதினாலாம் பக்கத்தில் விரிந்தது. அந்தப் பக்கத்தின் முனை எப்படியோ மடிந்திருந்தது. படிக்கப் படிக்க அவர் காது சிவந்தது.

"என்னய்யா இது? மூணு வருஷத்துக்குள்ள வேலையை உட்டா நாப்பது லட்சம் நான் கட்டோணுமாமா? எனக்குப் பயிற்சி குடுத்த செலவாமா? பதினாறு வருஷமாப் பறக்கறவனுக்கு இவன் பயிற்சி குடுப்பானாமா?"

"அய்யோ, அப்படியா போட்டிருக்குதுங்க?"

"மாசம் எட்டு நாள் லீவு. அதையும் கம்பெனி நெனச்சா மாத்திக்குமாமா. என் லீவை அவன் மாத்தறதுக்கு அவன் யாரு? நான் என்ன பண்ணையத்துக்கா போறேன்?"

"எத்தனை பேரு படிச்சாலும் இது கண்ணுல பட்டிருக்காதுங்க. கண்ணு உங்களுக்கு கழுகுக் கண்ணுங்க."

கழுகு மணலைத் தள்ளி வைத்துவிட்டுப் பனியில் இறங்கியது. பதினெட்டு லட்சம். பாதியை வரி தின்றாலும் மீதி ஒன்பது. அவர் உதட்டில் புன்னகை எட்டிப் பார்த்த நேரம், கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் மாரிச்செல்வம் ஒரு சாம்பிள் பையோடு வாசலில் வந்து நின்றார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், திருப்பூர் வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளாதவர்.

"மாஸ்டர், சார் படிக்கறதைச் சித்தெக் கேளுங்க," என்றார் இந்துமதி. "ஏனுங்க, மாசச் சம்பளமுங்களா அது?"

"இல்லை. பறக்கற மணிக்கு இத்தனைன்னு கணக்கு. சக்கரம் நகந்தாத்தான் காசு."

"அது பீஸ் ரேட்டுல்லா சார்," என்றார் மாரிச்செல்வம். "ரேட்டைக் கூட்டிக் குடுக்கான்னா பீஸைக் கொறச்சிருவான். துணி வராத அன்னைக்கு மெஷினைப் பாத்துக்கிட்டே இருக்கணும். பனி கொட்டிப் பிளேனு நின்னா நீங்களும் அப்படித்தான இருக்கணும்?"

"பீஸ் ரேட்டா? எனக்கா?" கேப்டன் எழுந்தே விட்டார். "நாலு பட்டை தோள்ல குத்தியிருக்கறேன். என்னை டீசர்ட்டுக்குக் கை மடிக்கிற டெய்லர்னு நெனச்சானா அவன்?"

"கை மடிக்கிற டெய்லருக்குக் கூட நாளைக்கு வேலை உண்டான்னு முந்தின நாளே சொல்லிருவமுங்க," என்றார் இந்துமதி வருத்தமாக. "இதுல அதுகூடப் போடலையாட்ட இருக்குதுங்க."

கேப்டன் பார்த்தார். போடவில்லை. டூட்டி இரண்டு மணி நேரம் முன்புதான் சொல்வார்களாம். பனி தேசம் மணல் தேசத்தின் மேல் போய் விழுந்தது. மேஜையில் தீவு மட்டும் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒண்ணரை லட்சம் எரிந்தது.

"அப்ப மூணும் வேண்டாமுங்க," இந்துமதி தாள்களை அடுக்க ஆரம்பித்தார். "மூணையும் குறை கண்டுபுடிச்சுட்டீங்க. உங்களுக்குத் தகுந்த கம்பெனி இன்னும் பொறக்கலைங்க."

"வையி கீழ. யாரு மூணும் வேண்டாம்னது? நாள் சொல்லிச்சொல்லி லீவு குடுக்கறவன் இவன் ஒருத்தன்தான். மாசச் சம்பளம். அபராதம் கிடையாது. போக வர டிக்கெட்டும் அவனே. வரி போனாப் போகுது, மனுசனை மதிக்கறான்." கேப்டன் பேனாவைத் திறந்தார். குரல் மூக்குக்கு ஏறியது. "பயணிகளின் கவனத்துக்கு. இந்த வீட்டின் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தவர் உங்கள் கேப்டன்."

கையெழுத்து விழுந்தது. பனியன் கம்பெனி தப்பித்தது. இந்துமதி தோசை வார்க்கப் போனார்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வருகிறது. புதன்கிழமை வரை பொறுங்கள்.

புதன்கிழமை கேப்டன் மண்ணரைக்குப் போனார். தன் முடிவைத் தொழிலாளர்களுக்கும் அறிவிக்கலாம் என்ற நல்லெண்ணம். உள்ளே சென்னையிலிருந்து வந்த பையிங் ஆபீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவர் சரி என்று சொன்னால்தான் ஆர்டர். மேஜையில் மூன்று டீசர்ட்டுகள். ஓரம் ஓரத்தோடு சேர, இடைவெளி பிசகாமல்.

"காலரைப் பாருங்க, நாய்க்காது மாதிரி தொங்குது," பையிங் ஆபீஸ்காரர் இடது கைப்பக்கத்து டீசர்ட்டை உதறினார். "இதை என் தலையில கட்டலாம்னு பாத்தீங்களா?"

"கண்ணு உங்களுக்கு கழுகுக் கண்ணுங்க சார்," என்றார் இந்துமதி.

கேப்டனுக்கு எங்கேயோ ஒரு லைட் எரிந்தது. காக்பிட்டில் என்றால் சிவப்பு லைட்.

"இது என்ன விலை? துணியா, தங்கமா?" வலது கைப்பக்கத்து டீசர்ட் பறந்தது. கடைசியில் அவர் நடுவிலிருந்த பச்சையைத் தூக்கிப் பிடித்தார். "இதான். இதைப் போடுங்க. நான் பாக்கலைன்னா நீங்க எதையாவது அனுப்பியிருப்பீங்க."

கேப்டன் ஒரு அடி பின்னால் வைத்தார். கால் எதிலோ முட்டியது. கட்டிங் மேஜைக்கு அடியில் அதே பச்சைத் துணி, சாயம் போட்டு முடிந்து, ரோல் ரோலாக நாற்பது ரோல். மேஜையின் அந்தக் கோடியில் மாரிச்செல்வம் அதை வெட்டிக்கொண்டே இருந்தார்.

"மாஸ்டர், அவர் இப்பத்தானே எடுத்தார்?" என்றார் கேப்டன், மைக் இல்லாத குரலில்.

"ஆமா சார். நாங்க வெட்ட ஆரம்பிச்சு ஒரு வாரமாச்சு."

"அப்ப மத்த ரெண்டு?"

"அது குறை சொல்லுததுக்கு. குறையை அவரே கண்டுபிடிக்கணும் சார். அப்பத்தான் மனசு நெறஞ்சு வாங்குவாரு. அக்கா எல்லாருக்கும் அப்படித்தான் காட்டுவாக."

எல்லாருக்கும். கேப்டனுக்கு மடிந்த பதினாலாம் பக்கம் ஞாபகம் வந்தது. விண்ணப்பமே போடாத பனி தேசம் ஞாபகம் வந்தது. சரியாகப் பனியைப் படிக்கும் நேரத்துக்கு வாசலில் நின்ற சாம்பிள் பை ஞாபகம் வந்தது.

இந்துமதியின் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் ஒரு பெரிய சார்ட் தொங்கியது. பன்னிரண்டு மாதம். ஒவ்வொரு மாதமும் இருபத்தொன்றிலிருந்து முப்பது வரை பச்சை மை. மேலே இந்துமதியின் கையெழுத்தில்: "மாசக் கடைசி ஷிப்மென்ட். டிரைவர் ராமருக்கு லீவு. வண்டி ஓட்டுவது கேப்டன்." பிப்ரவரியில் குறைந்த இரண்டு நாளை மார்ச்சில் சேர்த்திருந்தது. மூலையில் எழுதிய தேதி இருந்தது. கேப்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதற்குப் பதினோரு நாள் முந்தைய தேதி.

"அம்மிணி," என்றார் கேப்டன். "எனக்கு ரோஸ்டரா? என்னைக் கேக்காமயா? பத்து நாளும் வண்டியா? எனக்கு ஓய்வு நேரம் எத்தனை? ஓவர்டைம் உண்டா? இதுக்குச் சம்பளம்தான் எவ்வளவு?"

"சம்பளம் இல்லீங்க," என்றார் இந்துமதி வண்டிச் சாவியை நீட்டி. "அதனால வரியும் இல்லீங்க."