பெட்ரோல் வரியும் புது மாணவர்களும்

பெட்ரோலுக்கு வரி ஏறிய வாரம், டிரைவிங் ஸ்கூலில் ஒரே சமயத்தில் நான்கு மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஏன் என்பதுதான் மாஸ்டருக்குப் பிடிபடவில்லை. கார் வைத்திருப்பவனே அதை உறைபோட்டு மூடிவைக்கும் நேரத்தில், எவனாவது ஓட்டக் கற்றுக்கொள்வானா?

கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது, எப்படி விடுகிறது என்பதை இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை உரசிக் காட்டி விளக்குகிறவர் அவர். காரணம் தெரியாவிட்டால் தூக்கம் வராது. தவிர, மாதக் கட்டணம் பழையதுதான். பெட்ரோல் அவர் செலவு. இப்படியே போனால் ஸ்கூலின் ஒரே காரை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பல் டாக்டர் தினமும் காலையில் கிளட்ச் எது, பிரேக் எது என்று கேட்பார். ஆனால் தன் கிளினிக் வாசல் வந்ததும், இரண்டு வண்டிகளுக்கு நடுவே நூல் பிடித்ததுபோல் ரிவர்ஸில் நிறுத்துவார்.

"இதை எங்கே கத்துக்கிட்டீங்க டாக்டர்?"

"எல்லாம் உங்ககிட்டதான் மாஸ்டர்." மீதி வகுப்பைச் சாயங்காலம் இங்கிருந்தே தொடங்கலாம் என்று சொல்லி இறங்கிப் போய்விடுவார்.

பூக்கடை அக்காவுக்கு மார்க்கெட் பக்கம் போனால்தான் கியர் விழுந்தது. டிக்கியில் பூக்கூடைகள் ஏறின. பேங்க் கிளார்க்குக்கு பேங்க் வாசலில்தான் பிரேக் பிடித்தது.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க, நான்கு பேருக்கும் ஒரே வகுப்பு என்றார் மாஸ்டர். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பார்த்துப் பழகலாம். மறுநாளே ஓட்டுகிறவர் தன் இடத்தில் இறங்கிக்கொள்ள, அடுத்தவர் ஸ்டியரிங்குக்கு வந்தார். ஊர்க்கோடியிலிருந்து காலி வண்டியை மாஸ்டர்தான் திருப்பிக்கொண்டு வந்தார்.

சாலையே வேண்டாம், இனி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் மட்டும்தான் வகுப்பு என்றார். கணக்கு வாத்தியார் பெட்டியோடும் மாமியாரோடும் வந்தார்.

"அவங்க பின்னால உக்காந்து சும்மா பார்ப்பாங்க மாஸ்டர்."

மாஸ்டர் வீட்டில் மனைவியிடம் புலம்பினார். "ஒருத்தருக்கும் புரியலையே. தட்டை உரசிக்கூடக் காட்டினேன்."

"எந்தத் தட்டை?"

"புதுசை."

"அதானே பார்த்தேன், கீறல் எப்படி வந்துச்சுன்னு."

மறுநாள் சிக்னலில் நின்றபோது மாஸ்டர் ஊரைக் கவனித்தார். ஒரு பையன் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்கூட்டரைச் சரிவில் உருட்டிக்கொண்டு போனான். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வக்கீல்கள் ஒரே பைக்கில் ஒட்டி உட்கார்ந்து போனார்கள். எங்கோ ஓர் அறையில் யாரோ ஓர் எண்ணை மாற்றினார், அவ்வளவுதான். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் ஒரு பல்சக்கரம் நகர்ந்ததும் கடைசிச் சக்கரம்வரை நகர்வதுபோல ஊரே நகர்ந்துவிட்டிருந்தது. எவ்வளவு பெரிய கியர்ப் பெட்டி! மாஸ்டர் மெய்மறந்து நின்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அந்தக் கியர்ப் பெட்டியில் தன் கார் எந்தச் சக்கரம் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

கடைசியாக, எல்லாரையும் டெஸ்டில் பாஸாக்கி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். நால்வரும் மறுபேச்சில்லாமல் ஏறினார்கள். வழியில் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டார்கள். டெஸ்ட் திடல் வாசலில் பல் டாக்டரும் இறங்கி, அங்கே நின்ற லைசென்ஸ் அதிகாரி அம்மாவுக்கு வணக்கம் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

மாஸ்டர் அந்த அம்மாவிடம் நால்வரையும் பற்றிச் சொல்லி, எதையுமே கற்றுக்கொள்ளாத இவர்களை என்ன செய்வது என்று கேட்டார்.

"அவங்க நாலு பேருக்கும் லைசென்ஸ் கொடுத்ததே நான்தான் சார், அது ஆச்சு பல வருஷம். பர்மிட்டுக்கு எழுதிக்கொடுத்துட்டு, போர்டுல ஸ்கூலை அழிச்சு ஷேர் டாக்சின்னு எழுதுங்க. தலைக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிட்டு வண்டியை நீங்களே ஓட்டுங்க."