வவுனியாவில் வாங்கிய கண்டிச் சாமான்

கண்டிக்குப் போகாமலே கண்டியைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தவன் நான். அதுவும் கண்டியில் பிறந்த மனிதருக்கு முன்னால் இருந்து கதைத்தேன். (அவர் எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பரந்தனில், உழவு இயந்திரப் பாகங்கள் விற்கும் கடையொன்றில் வேலை. ஜெயபுரத்தில் தர்சினியைப் பேசி முடித்திருந்தார்கள். நாள் மட்டும் வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சந்திக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டு பஸ் பிடித்து, இரண்டு நாள் கண்டிச் சுற்றுலா ஒழுங்கு செய்தார்கள்.

நான் அதுவரை வவுனியாவைத் தாண்டியதில்லை. ஆனால் கடைக்குச் சாமான் கொண்டுவரும் லொறிக்காரர்களோடு பழகியதில் நாலு வார்த்தை சிங்களம் தெரியும். அந்த நாலை வைத்துக்கொண்டு, "சிங்களமோ? எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். (நாலில் இரண்டு, லொறியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்வதற்கானவை.)

அம்மா பித்தளைக் குத்துவிளக்கு கேட்டார். மாமி கறிக்குக் கராம்பும் கறுவாவும் கேட்டார். தர்சினி மூடி போட்ட பிரம்புக் கூடை கேட்டாள். மாமா மட்டும், அதாவது தர்சினியின் அப்பா, ஒன்றும் கேட்கவில்லை. கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். பத்து வயதில், கலவரத்துக்குத் தப்பி, குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். அதன்பிறகு நாற்பது வருடமாக வயலும் வரம்பும்தான். நான் விடைபெற்றபோது படலை வரை வந்து மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, எனக்கு ஒன்னும் வாங்க வேணாம். அங்க டவுன் நடுவுல ஒரு ஏரி இருக்கும். எங்க அப்பா என்னைய அங்க கூட்டிட்டுப் போவாரு. அந்தக் கரையில எனக்காக ஒரு அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு வாங்க."

"அஞ்சு நிமிசமோ மாமா? அரை மணித்தியாலம் இருந்திட்டு வாறன்."

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். வவுனியாவில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். அந்தக் கடையில் பால் அப்பம் நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவது சட்டியிலிருந்து இறங்கும்வரை காத்திருந்தேன். அப்பம் வந்தது. பஸ் இரண்டும் போயிருந்தன. முன் பஸ்காரர்கள் நான் பின்னதில் என்று நினைத்தார்கள். பின் பஸ்காரர்கள் முன்னதில் என்று நினைத்தார்கள். என் பையும் போனும் பஸ்ஸோடு போய்விட்டன. காசு மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

கடைக்காரரின் போனை வாங்கி என் நம்பருக்கே அடித்தேன். எங்கள் கடைப் பிரதீபன் எடுத்தான்.

"அண்ணை, நீங்கள் மற்ற பஸ்ஸில எல்லோ?"

"இல்லையடா, வவுனியாவில நிக்கிறன்."

"நாங்கள் மதவாச்சி தாண்டிட்டம். கண்டி பஸ் வரும், ஏறி வாங்கோ. உங்களுக்குத்தானே சிங்களம் தெரியும்!"

கண்டி பஸ் வந்தது. நடத்துநர் குனிந்து என்னிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். வாயில் வந்த வார்த்தை "பஸ்ஸட". பின்னுக்கு எடு என்று லொறிக்குச் சொல்வது. அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மணியை அடித்தார். பஸ் போய்விட்டது.

பிரதீபனுக்கு மறுபடி அடித்து, காய்ச்சல் என்றும் வீட்டுக்குத் திரும்புகிறேன் என்றும் சொன்னேன். வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு ஆரவாரமாகப் புறப்பட்டவன், ஒரு அப்பத்தால் பஸ்ஸை விட்டேன் என்று எந்த முகத்தோடு போவது? வவுனியாவில் இருந்த பள்ளிக்கூடக் கூட்டாளி சுதன் வீட்டில் போய்ப் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக வவுனியாக் கடைத்தெருவில் இறங்கினோம். குத்துவிளக்கு கிடைத்தது. கராம்பு, கறுவா, பிரம்புக் கூடை எல்லாமே கிடைத்தன. மேலதிக சாட்சியாக, மலைநாட்டில் விளையும் கரட்டும் லீக்ஸும் ஒரு கிலோ வாங்கினேன். பிறகு சுதன் தன் போனில் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா என்று படம் படமாகக் காட்டிப் பாடம் எடுத்தான். ஏரிக்கு வரும்போது போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பரவாயில்லை என்றேன். குளங்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு ஏரியைப் பற்றி யாராவது சொல்லித்தர வேண்டுமா?

அன்றிரவே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குத்துவிளக்கைக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை ஜெயபுரம் போனேன். சாமான்களைக் கொடுத்தேன். மாமி கறுவாவை முகர்ந்து பார்த்து, கண்டிக் கறுவா என்றால் அதன் வாசமே வேறு என்றார். நான் மாளிகையைப் பற்றிச் சொன்னேன், பூங்காவைப் பற்றிச் சொன்னேன். மாமா கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏரியப் பாத்தீங்களா தம்பி?"

"பாக்காமலோ? அரை மணித்தியாலம் இருந்தனான்."

"தண்ணி எப்புடி இருந்துச்சு?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருடைய முகம் அப்படி மலர்ந்து போயிருந்தது. இன்னும் கொஞ்சம் கொடுப்போம் என்று நினைத்தேன்.

"நல்ல குளிர் மாமா. இறங்கி ஒரு முழுக்குப் போட்டனான்."

"எறங்கிக் குளிச்சீங்களா!"

"ஓம். சனமெல்லாம் குளிக்குது. பொம்பிளையள் ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கினம். மற்றப் பக்கம் எருமையள்."

(கண்டி அரசர்களின் மாளிகை வாசலில் எருமை குளிப்பாட்டியவன் சரித்திரத்திலேயே நான் ஒருவன்தான்.)

மாமா ஆச்சரியத்தோடு தலையசைத்தார். "அப்பல்லாம் கால் நனைக்கக்கூட விட மாட்டாங்க. காலம் மாறிப் போச்சு போல."

அவர் நம்பிவிட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் குத்துகிறது.

அப்போது படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். பிரதீபன். தோளில் என் பை, கையில் என் போன்.

"அண்ணை, காய்ச்சல் எப்பிடி? வீட்ட போனன், அம்மா காய்ச்சலே இல்லை எண்டா. இஞ்ச நிக்கிறியள் எண்டு சொன்னா. ஐயா, பாவம் இவர், வவுனியாவில பஸ்ஸை விட்டிட்டுத் திரும்பிட்டார். கண்டி பாக்கக் குடுத்து வைக்கேல்ல."

நல்ல பிள்ளை. அத்தோடு நிற்காமல், நான் பார்க்காததை நினைத்துக் கவலைப்பட்டுத் தன் போனைத் திறந்து எல்லாருக்கும் ஏரியைக் காட்டினான். சுற்றிவர வெள்ளை மதில். அமைதியான தண்ணீர். எருமை ஒன்றுகூட இல்லை.

மாமா படத்தை நெடுநேரம் பார்த்தார். எழுந்து வயல் பக்கம் நடந்தார். மாமி கறுவாவை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். பிரதீபன் தேத்தண்ணி குடிக்காமலே புறப்பட்டான். தர்சினிதான் மிஞ்சினாள்.

"பஸ்ஸை விட்டது பகிடி, சிரிக்கலாம்," என்றாள். "அப்பாட்ட ஏன் பொய் சொன்னீங்கள்? அவர் ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கிறேல்ல. உங்களிட்ட மட்டும்தான் கேட்டவர்."

கலியாணம் போய்விட்டது என்றே நினைத்தேன். எழுந்து வயலுக்குப் போனேன். மாமா வரம்பில் புல்லுச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, பஸ்ஸை விட்டது உண்மை. பிறகு கண்டி பஸ் வந்தது. ஏறப் பயந்திட்டன். பாசை தெரியாது. எனக்குச் சிங்களம் நாலே நாலு சொல்லுத்தான் தெரியும்."

மண்வெட்டி நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பஸ்ஸு தெனமும்தான் போகுது தம்பி. பாசை எனக்குத் தெரியும். நான் மட்டும் ஏறிட்டேனா?"

நான் குனிந்து, அவர் செதுக்கிய புல்லை அள்ளி ஓரமாகப் போட்டேன்.

"சரி, எருமைங்க மொத்தம் எத்தன?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். வரம்பில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அடுத்த மாதம் நானும் மாமாவும் கண்டிக்குப் போனோம். வவுனியாவில் சாப்பிட இறங்கியபோது மாமா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார். ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் இருப்பதாகத்தான் பேச்சு. இரண்டு மணித்தியாலம் இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த புத்தியான காரியங்களில் அது முதலாவது. திரும்பும்போது பஸ்ஸிலேயே கலியாணத்துக்கு நாள் பார்த்துவிட்டார்.

இப்போது அவர் வருடத்துக்கு ஒருமுறை போய் வருகிறார். ஜெயபுரத்தில் யார் கண்டிக்குப் புறப்பட்டாலும் எங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று மாமா விளக்கமாகச் சொல்லுவார். என்ன வாங்கலாம் என்று கேட்டால் குசினிக்குள்ளிருந்து தர்சினியின் குரல் வரும்:

"சாமான் எண்டா இவரைக் கேளுங்கோ. கண்டிச் சாமான் வவுனியாவில எந்தக் கடையில நல்லமெண்டு இவருக்குத்தான் தெரியும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே கடையின் பெயரைச் சொல்லுவேன். சிலர் அதைக் குறித்துக்கொண்டும் போகிறார்கள்.