ஒன்பதாம் நம்பருக்காக ஒரு ஜெபம்

ஜெயிக்கிற டீமுக்கு யார் வேண்டுமானாலும் கைதட்டலாம். தோற்கிற டீமுக்குத் தொண்டை கிழியக் கத்துகிறவளுக்குத்தான் அதைத் திட்டும் உரிமை உண்டு. அந்த உரிமையை நான் சர்ச்சுக்குள் பயன்படுத்தியது தப்பு என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வெளிநாட்டுச் சாமான்கள் சித்தூர் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த காலம். மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனி, சம்பளத்துக்கு ஆள் எடுத்து பாஸ்கெட்பால் டீம் ஒன்றை நடத்தியது. நன்றாக ஆடியவர்கள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள்தான் என் டீம். ஒரு ஞாயிறு மாலை திருப்பதியில் மேட்ச். அதிலும் தோற்றால் டீமைக் கலைத்துவிடுவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. (இட்லி இறங்கியது.)

எங்கள் சபையில் வாசலருகே ஒரு பெட்டி உண்டு. பெயர் போடாமல் விண்ணப்பம் எழுதிப் போடலாம். ஞாயிறு ஆராதனையில் சபைச் செயலாளர் அதை உரக்கப் படிப்பார். எடுத்த சீட்டைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது வழக்கம். செயலாளர் வேறு யாருமில்லை, என் அப்பா; எங்களுக்கு நைனா. சனிக்கிழமையே என் சீட்டைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் முதல் பெஞ்சில் டீம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. மேட்ச்சுக்கு முன்னால் ஆசீர்வாதம் வாங்க பாஸ்டர் அழைத்திருக்கிறார். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டு காய்ச்சலுக்கும் ஒரு பிரசவத்துக்கும் பிறகு, நைனா என் சீட்டைப் பிரித்தார். கையெழுத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் படித்தார்.

"ஆண்டவரே, எங்க டீம் கோச்சுக்குக் கண்ணைத் திறந்தருளும். அஞ்சாம் நம்பருக்குப் பந்தை அடுத்தவனுக்குக் குடுக்குற மனசைத் தாரும். ஒன்பதாம் நம்பர் ஆறரை அடி இருந்தும் குதிக்க மாட்டேங்கிறான். அவன் காலைத் தரையிலிருந்து எழுப்பும். கேப்டனுக்கு ஃப்ரீ த்ரோ வரவே வராதுன்னா, அவனைத் துபாய்க்காவது அனுப்பும்."

சபை பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றது. ஒன்பதாம் நம்பரும் சொன்னான்.

கேப்டன் எழுந்து திரும்பி, எழுதியது யார் என்று கேட்டான். நைனா வேதாகமத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் எழுந்தேன்.

"நான்தான். நீங்க தோத்த எல்லா மேட்ச்சுக்கும் வந்துக்கினு இருக்கிறவ நான். வேற யாரு எழுதுவாங்க?"

"சாயந்தரமும் வந்துடும்மா" என்றான் அவன்.

போனேன். அன்று கோபத்தில் என்னமாய் ஆடினார்கள்! ஒன்பதாம் நம்பர் இரண்டு முறை குதித்தான். கடைசியில் ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தபோது கேப்டனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டும் வளையத்தைத் தொடவே இல்லை. டீமைக் கலைத்தார்கள். பஸ்ஸில் சித்தூர் வரும்வரை அழுதேன்.

நைனா அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கோச்சைப் பத்தி எழுதினது கரெக்டுதாம்மா. ஆனா ஜெபத்துல ஜெர்சி நம்பரு எதுக்கு? ஆண்டவருக்குத் தெரியாதா?"

இரண்டே மாதத்தில் கேப்டனுக்குத் துபாய் விசா வந்தது. சீட்டில் முழுசாகப் பலித்தது அந்த ஒரு வரிதான். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாருக்கு விசா இழுத்தடித்தாலும், "அக்காவை ஒரு சீட்டு எழுதச் சொல்லு" என்று வந்து நிற்கிறார்கள். எழுதித் தருகிறேன். கூடவே ஒன்பதாம் நம்பரின் காலுக்கும் ஒரு வரி சேர்க்கிறேன். அவனுக்கு இப்போது பேரன் இருக்கிறானாம். இருக்கட்டும், குதிக்க வேண்டியது குதிக்கத்தான் வேண்டும்.